பதினாறாவது பிள்ளை

காத்தூன் பீவியிடம் பிள்ளையை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போய் வந்த தாய்மார்கள் ராயபுரத்தில் மட்டும் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்கள். அவளையே கேட்டால் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டாள். ரொம்பவும் வற்புறுத்தினால் வேல்விழி என்று ஒருத்தியின் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவள் எதையும் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. கணவர் பட்டன், எலாஸ்டிக் வியாபாரம் செய்தவர். அவர் மவுத்தான பிறகு மகன் காஜா மொய்தீன் கடையைப் பார்த்துக்கொண்டான். காத்தூன் பீவி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பக்கத்துக் கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் செய்த வேலைதான். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மத்தியான லுஹர் தொழுகைக்குத்தான் எழுந்திருப்பாள்.

எதிரே லைன் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஆறு அறைகள், வரிசையாக ஆறு கதவுகள். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள்தான் எல்லாம். எட்டேகாலுக்குள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கிளம்பிப் போய்விடுவார்கள். கம்பெனிக்குள் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. பால்வாடி பத்து மணிக்குத்தான் திறக்கும், மூன்று மணிக்கெல்லாம் மூடிவிடும். அதனால் ஆறு கதவுகளிலும் வெளியே பூட்டு தொங்கும். எந்த அறை காலி, எந்த அறைக்குள் பிள்ளை இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

2003 கோடையில் மூன்று நாளாக ஓர் அறையிலிருந்து அழுகை கேட்டது. முதல் நாள் காத்தூன் பீவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் கத்தரியை வைத்துவிட்டு எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மூன்று வயசுப் பையன் ஒருவன் வியர்வையில் நனைந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தரையில் ஒரு தட்டில் முறுக்கும் பாட்டிலில் தண்ணீரும் இருந்தன. தட்டில் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அன்று சாயங்காலம் அவனுடைய அம்மா கருத்தம்மா வருகிற வரைக்கும் வாசலிலேயே காத்திருந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அம்மிணி, நீயெல்லாம் பெத்தவதானா? புள்ளைய ஆட்டுக்குட்டியாட்டம் உள்ள போட்டுப் பூட்டிட்டுப் போறியே, மனசு வருதா உனக்கு?"

கருத்தம்மா சண்டைக்கு வரவில்லை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "நீங்க சொல்லுதது சரிதான்க்கா. எனக்கும் மனசு வரலதான். நாளைக்கு நீங்க என்னைய என்ன செய்யச் சொல்லுதீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அப்படியே செய்யுதேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். காத்தூன் பீவி திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், மகனுக்குப் போட்டாள், அவன் பேசியது எதுவும் காதில் விழவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு எதிர்வாசலில் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"இங்க குடு அவன. என்ற ஊட்டுலதான் கெடக்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பம். அடுத்த வாரம் பக்கத்து அறைப் பிள்ளை வந்தது. அதற்கடுத்து கடைசி அறையிலிருந்து இரட்டையர்கள். பக்கத்துச் சந்திலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். அவரவர் சோற்றை அவரவர் டப்பாவில் கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள், மத்தியானம் ஒன்றின் டப்பாவில் இன்னொன்று கை விடும். கம்பெனிக் கழிவுத் துணியில் தைத்த விரிப்பில் வரிசையாகப் படுத்து மூன்று மணி வரை தூங்கும். பிசிறு வெட்டும் வேலை தானாகவே குறைந்து, ஒரு நாள் மூட்டை வருவதே நின்றுபோனது. கொடுக்கிறவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வாள், கொடுக்காதவர்களைக் கேட்க மாட்டாள்.

காஜா மொய்தீன்தான் முணுமுணுத்தான். "ஏனுங்கம்மா, இது ஊடா, பஸ் ஸ்டாண்டா? கால் வைக்க எடமில்ல."

"நீ கடையில காலை வையி. இங்க எதுக்கு?" என்பாள்.

ஆனால் ஒரு நாள் அவளே பயந்துபோகும்படி ஒன்று நடந்தது. கதவு சாத்தாமல் இருந்த ஒரு நிமிஷத்தில் ஒரு பெண் குழந்தை தெருவுக்கு ஓடிவிட்டது. துணி ஏற்றி வந்த வண்டி பிரேக் போட்டு, குழந்தைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அன்றைக்கு காஜா மொய்தீன் உட்கார்ந்து தீர்மானமாகப் பேசினான். பதினைந்து பிள்ளைக்கு மேல் கூடாது. நடக்கத் தெரியாத பிள்ளை கூடாது. நோய் நொடி இருக்கிற பிள்ளை கூடவே கூடாது. காத்தூன் பீவி ஒத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, நாளாக ஆக அந்தச் சட்டம் அவளுக்குப் பிடித்தும் போனது. யாராவது வந்து கெஞ்சினால், "பதினஞ்சுன்னா பதினஞ்சுதான் அம்மிணி. அதுக்கு மேல ஒண்ணு கூட ஆகாது" என்று ஆபீசில் சொல்கிற மாதிரிச் சொல்வாள். தன்னைத் தேடி வந்து பத்துப் பேர் நிற்கிறார்கள், இடமில்லை என்று சொல்லும் அளவுக்குத் தன் வீட்டுக்குக் கிராக்கி என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதை அன்று அவள் பெருமை என்று நினைக்கவில்லை. பிற்பாடு நினைத்தாள்.

2006 தீபாவளி முடிந்து எதிர் லைன் வீட்டின் மூன்றாவது அறைக்கு வேல்விழி குடி வந்தாள். விளாத்திகுளம் பக்கத்து ஊர். புருஷன் ராஜபாண்டிக்குச் சாயப்பட்டறையில் வேலை. அவளுக்கு கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்திருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் செண்பகக்கனிக்கு ஏழு வயசு. சின்னவள் இசக்கிக்கு இரண்டரை.

வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இசக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேல்விழி வந்து நின்றாள். கருத்தம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"சின்னவள மட்டும் பாத்துக்கிட்டீங்கன்னா போதும்க்கா. பெரியவளப் பள்ளிக்கூடத்துல போட்டுருவேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "இவளுக்கு எப்பவாச்சும் வலிப்பு வரும்க்கா. மாத்திர குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். மறைச்சு விட்டுட்டுப் போகக்கூடாதுல்ல, அதான் முன்னக்கூட்டியே சொல்லுதேன்."

வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் காத்தூன் பீவி குழந்தையின் பக்கம் நீட்டப் போன கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கும் அது இருந்தது. அவளுக்கு ஒன்பது வயசு, அவனுக்கு நாலு. தம்பியைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தவனுக்கு வலிப்பு வந்தது. அவள் திரும்பிப் பார்க்கும்போது தொட்டிக்குள் கிடந்தான். நாற்பது வருஷமாக அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகனுக்குக்கூடத் தெரியாது.

வேல்விழியிடமும் சொல்லவில்லை.

"இடமில்லீங்க கண்ணு. பதினஞ்சு புள்ளைக ஆயிப்போச்சு. உன்ற புள்ளையோட பதினாறு ஆயிரும். என்ற பையன் ஒத்துக்கமாட்டான்" என்றாள்.

அன்று அவளிடம் இருந்தது பதினாலு பிள்ளைகள்.

வேல்விழி இசக்கியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பத்து நாள் கழித்து ஊரிலிருந்து வந்த கருப்பட்டி இரண்டு வட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு திரும்ப வந்தாள். "யாராச்சும் வராம நின்னுட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். "பெருநாள் முடியட்டும், பாக்கலாம்" என்றாள் காத்தூன் பீவி. கருப்பட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரம் டெய்லர் ஒருத்தியின் மகனைப் பதினைந்தாவது பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டாள். நல்ல ஆரோக்கியமான பையன். அந்தப் பையனை அவன் அம்மா கொண்டுவந்து விட்ட காலை நேரத்தில் வேல்விழி எதிரே பூட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாள். சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகளும் இருந்தன. பெரியவள் கனி பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்த அறைக்குத் தெருப் பக்கம் ஒரு ஜன்னல். பாதி நேரம் கனி அதில்தான் நின்றுகொண்டிருப்பாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஆடுவதையும் பாடுவதையும் பார்ப்பாள். சில நாள் இங்கே சொல்லிக் கொடுக்கும் ஒன்று, இரண்டு, மூன்றை அங்கே நின்றபடி அவளும் சொல்வாள். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுக்கும்போது காத்தூன் பீவி நாலு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த ஜன்னல் கம்பி வழியாக நீட்டுவாள்.

"பள்ளிக்கூடம் போகலியா கண்ணு?" என்று ஒரு முறை கேட்டாள்.

"அப்பம் பாப்பாவ யாரு பாக்க?" என்றாள் கனி.

காத்தூன் பீவி தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அடுத்த மாசம் இரட்டையர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அப்போது பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரட்டையர்கள் போனார்கள். அந்த இடத்துக்கு வேறு இரண்டு பேர் வந்தார்கள். கேட்டவர்களுக்குத்தான் கொடுத்தாள். வேல்விழி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. பதினொரு மணி இருக்கும். பிள்ளைகள் சத்தமாக நூறு வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே எங்கோ தட்டுகிற சத்தம் காத்தூன் பீவிக்குக் கேட்டது. வீட்டுக்குப் பின்னால் அட்டைப் பெட்டி செய்கிற கடை ஒன்று உண்டு. அங்கே எப்போதும் ஏதாவது தட்டிக்கொண்டிருப்பார்கள். அதுதான் என்று நினைத்தாள். தட்டுவது கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மறுபடியும் கேட்டது. பிள்ளைகள் எழுபதைத் தாண்டியிருந்தார்கள். ஒரு பையன் எழுபத்தொன்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்றான். அவனைத் திருத்தினாள்.

முதுகு வலி என்று அன்றைக்கு வேலைக்குப் போகாமல் படுத்திருந்த கருத்தம்மாதான் கனியின் அலறலைக் கேட்டு எழுந்து ஓடியவள். குழவிக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டின் மேல் போட்டாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. காத்தூன் பீவி செருப்பில்லாமல் தெருவைத் தாண்டி ஓடினாள். இசக்கி பாயில் கிடந்தாள். உடம்பு இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கனி கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கையும் சிவந்து வீங்கியிருந்தன.

மற்ற பிள்ளைகளைக் கருத்தம்மாவிடம் விட்டுவிட்டு, கனியையும் ஏற்றிக்கொண்டு, ஆட்டோவில் இசக்கியை மடியில் போட்டுக்கொண்டது காத்தூன் பீவிதான். அந்தக் குழந்தையை அவள் தொட்டதே அன்றுதான். பிள்ளை அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரோஸ்மேரி என்ற நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "எவ்வளவு நேரமா நிக்காம இழுக்குது?"

காத்தூன் பீவி கனியைத் திரும்பிப் பார்த்தாள். கனிதான் சொன்னாள். "முதல்ல ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். அம்மா சொல்லித் தந்த மாதிரி. எப்பவும் நின்னுரும். இன்னைக்கு நிக்கல. அப்பறம் ஜன்னல்ல நின்னு கூப்பிட்டேன், யாருக்கும் கேக்கல. கதவத் தட்டுனேன். தட்டிக்கிட்டே இருந்தேன். எதுத்த வீட்டுல நம்பர் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அவங்க முடிச்சதும் கேக்கும்னு நெனச்சேன்."

அரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார். வேல்விழி கம்பெனியிலிருந்து ஓடி வந்தபோது அவள் புடவையில் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. நாலாம் நாள் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது காத்தூன் பீவி வாசலில்தான் நின்றிருந்தாள். வேல்விழி இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

யாரும் காத்தூன் பீவியைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "பூட்டிட்டுப் போனது அவங்க. உங்க மேல என்னம்மா தப்பு?" என்றான் மகன். "இருக்கிற இடத்துல நீங்க என்ன செய்வீங்கக்கா, பதினஞ்சு பேருக்கே உங்களால முடியல" என்றாள் கருத்தம்மா. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதினாலு பேர்தான் இருந்தார்கள் என்ற ஒரு வரி. அதைச் சொல்லாமல், பிள்ளைகளின் விரிப்புகளைச் சுருட்டி மூலையில் வைத்தாள்.

ஒரு வாரம் வீட்டைத் திறக்கவில்லை. தாய்மார்கள் வந்து நின்று பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்கள். எட்டாம் நாள் எதிர் அறை ஒன்றில் மறுபடி அழுகை கேட்டது. உடனே எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்தாள்.

அதே வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரோஸ்மேரியைத் தேடிப் பிடித்தாள். டியூட்டி முடிந்து வருகிற வரைக்கும் மரத்தடியில் காத்திருந்தாள்.

"எனக்குச் சொல்லிக் குடுங்க. வலிப்பு வந்தா என்ன பண்ணோணும், என்ன பண்ணக்கூடாது, எல்லாம்."

ரோஸ்மேரி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். மரத்தடிப் பெஞ்சிலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. கையில் இரும்பைக் கொடுக்காதே, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மணியைப் பார். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் இங்கே தூக்கிக்கொண்டு வா.

"இவ்வளவுதானுங்களா?" என்றாள் காத்தூன் பீவி.

"இவ்வளவுதான்ம்மா."

பெஞ்சிலிருந்து எழுந்திருக்க அவளுக்கு வெகு நேரமானது.

அதற்குப் பிறகு அவள் யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்பவில்லை. வலிப்பு வருகிற பிள்ளை, கால் வளைந்த பிள்ளை, ஆறு மாசக் கைக்குழந்தை, யார் வந்தாலும் வாங்கிக்கொண்டாள். தனியாக முடியாது என்று தெரிந்ததும் கருத்தம்மாவைக் கம்பெனி வேலையை விடச் சொல்லித் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளை விடுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்ந்து கருத்தம்மாவுக்குக் கொடுத்தார்கள். காஜா மொய்தீன் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுத் தந்தான். பக்கத்து வீட்டு முன்னறையும் சேர்ந்தது. தினமும் காலை எல்லோரும் வேலைக்குப் போன பிறகு காத்தூன் பீவி ஒரு நடை கிளம்புவாள். சுற்றிலும் உள்ள லைன் வீடுகளில் பூட்டிய ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் போய் நிற்பாள். காதை வைத்துக் கேட்பாள். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா கண்ணு?" என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பாள். உள்ளே பிள்ளை இருந்தால் அன்று சாயங்காலம் அந்தத் தாய் வரும்போது காத்தூன் பீவி அந்த வாசலில் இருப்பாள். முன்பு மாதிரி சத்தம் போடுவதில்லை. "நாளைக்கு என்ற ஊட்டுல விட்டுட்டுப் போ அம்மிணி" என்று மட்டும் சொல்வாள்.

அவளிடம் பிள்ளை விட்டுக்கொண்டிருந்த ஒருத்தி முதலிபாளையத்துக்குக் குடி மாறிப் போனாள். அங்கே தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் தன் அறையிலேயே இதே மாதிரி ஆரம்பித்தாள். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதை காத்தூன் பீவி நேரில் போய் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு இன்னும் இரண்டு இடங்களில் ஆரம்பித்தார்கள். யாரும் பெயர்ப் பலகை வைக்கவில்லை. "பீவியம்மா வீடு மாதிரி" என்றுதான் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

2008 கடைசியில் ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் அவளுக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றவளை மகனும் கருத்தம்மாவும் கிளப்பிக் கொண்டுபோனார்கள். மேடையில் சால்வையைப் போர்த்திவிட்டு, மைக்கை அவள் முன்னால் நீட்டி, "உங்ககிட்ட எத்தனை பிள்ளைகள் இருக்காங்கம்மா?" என்று கேட்டார் மேனேஜர்.

"பதினாலுங்க" என்றாள்.

கூட்டத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அப்போது இரண்டு வீட்டிலுமாக நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "அம்மா ரொம்ப அடக்கமா சொல்றாங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். காத்தூன் பீவி சால்வையை எடுத்து மடித்து மேஜை மேலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மகனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியை, தண்ணீர்த் தொட்டியை, பதினாலை, அந்தத் தட்டுகிற சத்தத்தை. காஜா மொய்தீன் கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். நோயுள்ள பிள்ளை வேண்டாம் என்று சட்டம் போட்டதில் தானும் உண்டு என்பது அவனுக்கும் தெரியும்.

"போய்ப் பாத்துட்டு வந்துருங்கம்மா. கடைக்கு ஆளைப் போட்டுட்டு நானும் கூட வாரேன்" என்றான் கடைசியில்.

"நீ வேண்டாம். இது நான் தனியாப் போகோணும்."

கருத்தம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக வேல்விழியின் ஊரைக் கண்டுபிடிக்கவே நாலு மாசம் ஆனது. 2009 சித்திரை வெயிலில் மதுரை போய், அங்கிருந்து விளாத்திகுளம் போய், அங்கே டவுன் பஸ் பிடித்து காத்தூன் பீவி போய்ச் சேர்ந்தாள். கரிசல் காடு. வேல்விழி களத்தில் மிளகாய் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் துணியால் கட்டியிருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் துணியை அவிழ்த்தாள். வேப்ப மரத்து நிழலில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள்.

காத்தூன் பீவி ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது என்று பயந்தவள் மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு என்னட்ட இடமிருந்துது அம்மிணி. பதினாலு பேருதான் இருந்தாங்க. வலிப்புன்னு நீ சொன்னதும் பயந்துட்டேன். என்ற தம்பி அதுலதான் போனான், நான் பாத்துட்டு இருக்கறப்பவே. அதனால இடமில்லைன்னு பொய் சொல்லீட்டேன்."

வேல்விழி மிளகாய் வத்தல் காம்பு ஒன்றைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"இடம் இருந்தது எனக்குத் தெரியும்" என்றாள். "அடுத்த வாரமே ஒரு பையனச் சேத்தீங்கல்ல. நாங்க வேற சாதி, வேற மதம், அதான் வேண்டாம்னு சொல்லுதாங்கன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா உங்க வீட்டுல எல்லாச் சாதிப் பிள்ளையளும் கெடந்துச்சு. அப்பம் நாமதான் ஏதோ வேண்டாதவங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கு மேல கேக்க வாய் வரல."

"பயம்தான் கண்ணு. வேற ஒண்ணுமில்ல."

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லக்கா?" வேல்விழியின் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஒரு நாள் லீவு போட்டுட்டு உங்க கூட உக்காந்திருப்பேனே. எப்படிப் பிடிக்கணும், எப்படிப் படுக்க வைக்கணும்னு காட்டித் தந்திருப்பேனே. ஏழு வயசுப் பிள்ளைக்குச் சொல்லித் தந்தேன். உங்களுக்குத் தந்திருக்க மாட்டேனா?"

ரோஸ்மேரி சொல்லிக் கொடுத்த அத்தனையும், எதிர் அறையில் இருந்த இந்தத் தாய்க்கு அப்போதே தெரிந்திருந்தது. பத்தடி அகலத் தெரு ஒன்றுதான் நடுவில் இருந்தது.

மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு கனி வந்தாள். வளர்ந்திருந்தாள். யூனிபார்மில் இங்க் கறை. வந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க பிஸ்கட் தந்த அம்மாதான?" என்று கேட்டாள். கேட்டதில் கோபம் எதுவும் இல்லை. அவளுக்கு அதுதான் ஞாபகம் இருந்தது. காத்தூன் பீவி ஆமாம் என்று தலையாட்டினாள். வாய் திறந்தால் அழுதுவிடுவாள், அழுவதற்குத் தனக்கு இங்கே உரிமை கிடையாது என்று நினைத்தாள்.

வேல்விழி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நாலரைக்குப் பஸ். அத விட்டா இல்ல" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. காத்தூன் பீவியும் அதைக் கேட்கவில்லை. கேட்பதற்காக வந்தோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"என்னம்மா சொன்னாங்க?" என்று வீடு வந்து சேர்ந்ததும் மகன் கேட்டான்.

"அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குடா" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றினாள். புதிதாக யார் பிள்ளையைக் கொண்டுவந்தாலும், வாங்கிக்கொள்வதற்கு முன்னால் அந்தத் தாயைப் பக்கத்தில் உட்கார வைப்பாள். "உன்ற புள்ளையப் பத்தி எல்லாத்தையும் சொல்லு. எனக்குத் தெரியாததக் காட்டிக் குடு" என்பாள். தனக்கு எதில் பயம் என்பதையும் சொல்லிவிடுவாள். வேலைக்கு நேரமாகிறதே என்று அந்தத் தாய்மார்கள் நெளிவார்கள். பீவியம்மாவுக்கு வயதாகிவிட்டது, அதான் இவ்வளவு கேள்வி என்று வெளியே போய்ப் பேசிக்கொள்வார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் பிள்ளையைக் கையில் வாங்குவாள். வாங்கிய பிறகும், முதல் நாள் முழுக்க அந்தப் பிள்ளையைக் கீழே இறக்கி விடமாட்டாள்.